190 கட்-ஆஃப்: அரசுக் கல்லூரி ஈ.இ.இ., தனியார் ஏ.ஐ.டி.எஸ்., நிகர்நிலை சி.எஸ்.இ. — எதை மேலே வைப்பது?

#1 மல்லிகைத்தோட்டம்

வணக்கம். மகளுக்கு +2-ல் கணிதம் 97, இயற்பியல் 92, வேதியியல் 94. பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பிரிவு. தனியார் பள்ளி, அதனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இல்லை. வீட்டில் முதல் பட்டதாரி இவள்தான். ஊர் தாராபுரம் பக்கம். ரேங்க் பட்டியல் இன்னும் வரவில்லை. இப்போது மூன்று வழி தெரிகிறது.

அ) கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் (ஜி.சி.டி.) ஈ.இ.இ. (மின், மின்னணுப் பொறியியல்), கிடைத்தால்.
ஆ) கோவைப் பக்கம் ஒரு தனியார் தன்னாட்சிக் கல்லூரியில் ஏ.ஐ.டி.எஸ். (செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல்), அரசுக் கவுன்சலிங் வழியாக.
இ) ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சி.எஸ்.இ. (கணினிப் பொறியியல்). வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழையும் கொடுக்கச் சொல்கிறார்கள்.

அவளுக்குக் கணக்குப் பிடிக்கும். கம்ப்யூட்டரும் பிடிக்கும், ஆனால் அதுதான் வேண்டும் என்று அடம் பிடிக்கவில்லை. எதை வைத்து முடிவு செய்வது?

#2 கணக்குவாத்தியார்

அம்மா, முதலில் எண். கணிதம் 97 அப்படியே. இயற்பியல் 92-ல் பாதி 46, வேதியியல் 94-ல் பாதி 47. ஆக 200-க்கு 190, இதுதான் கட்-ஆஃப். இதே 190-ல் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். சமமாக இருந்தால் கணித மதிப்பெண் கூடியவர் முன்னே போவார், அடுத்து இயற்பியல், அதன்பின் நான்காவது பாடம். கணிதத்தில் 97 இருப்பதால் உங்கள் மகள் அந்தக் கூட்டத்தில் முன்பாதியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இனி 190 என்ற எண்ணை மறந்துவிடுங்கள். "போன வருஷம் அந்தக் காலேஜ் 189.5-க்கு மூடிச்சு, நமக்கு 190 இருக்கு" என்று கணக்குப் போடுகிறார்கள். அதுதான் ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் பெரிய பிழை. வினாத்தாள் எளிதாக வந்த ஆண்டில் மதிப்பெண் ஊதிவிடும், கடினமான ஆண்டில் இறங்கிவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடத் தகுந்தது ரேங்க் மட்டும்தான்.

செய்ய வேண்டியது இது. டி.என்.ஈ.ஏ. (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) தளத்தில் முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் ரேங்க், கட்-ஆஃப், சமூகம், கல்லூரி எண், பிராஞ்ச், எந்தப் பிரிவில் இடம் கிடைத்தது என்று இருக்கும். ஜி.சி.டி. எண் 2005. அதில் ஈ.இ.இ.யை வடிகட்டி, "பி.சி." என்று இடம் பெற்றவர்களில் கடைசி ரேங்கைக் குறித்துக்கொள்ளுங்கள். "ஓ.சி." என்று இடம் பெற்றவர்களின் கடைசி ரேங்கையும் எழுதுங்கள். மூன்று ஆண்டுக்கு எடுங்கள், ஒரே ஆண்டு போதாது.

ஏன் போதாது என்றால், தனியார் கல்லூரியில் 60 இடம் உள்ள ஒரு பிராஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். சிறுபான்மை அல்லாத கல்லூரி 65 விழுக்காட்டை அரசுக்குத் தரும், 39 இடம். அதில் 7.5 விழுக்காட்டை எடுத்தால் மிச்சம் 36. பி.சி.க்கு 26.5 விழுக்காடு, அதாவது 9 அல்லது 10 இடம். பத்துப் பேரில் இரண்டு பேர் மனம் மாறினாலே மூடும் ரேங்க் (கடைசியாக இடம் பெற்றவரின் ரேங்க்) ஆயிரக்கணக்கில் தாவும். ஒரு வருஷத்து எண்ணைப் பிடித்துக்கொண்டு நம்பவும் கூடாது, மனம் உடையவும் கூடாது.

ஓ.சி. என்பது முற்பட்டோர் பிரிவு என்று பலர் நினைக்கிறார்கள். அது எல்லாருக்கும் பொதுவான 31 விழுக்காடு. உங்கள் மகளுக்கும் முதலில் ஓ.சி. இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பி.சி. இடத்தைத் தொடுவார்கள்.

#3 நொய்யல்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. வெள்ளிக்கிழமைக் கெடு என்பது அவசரப்படுத்தும் வேலை. அசல் சான்றிதழை எந்தக் காரணத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். கல்லூரிகள் அசலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யும் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, அறிவித்த கடைசித் தேதிக்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆனால் "முன்பதிவுத் தொகை", "விடுதி வைப்பு" என்று வேறு பெயரில் ரசீது கொடுத்தால் திரும்ப வாங்க அலைய வேண்டிவரும். பணம் கட்டத்தான் வேண்டும் என்றால், ரசீதில் என்ன தலைப்பு, எந்தத் தேதிவரை திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

செலவையும் நான்கு ஆண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை ஒற்றைச்சாளரக் கவுன்சலிங் வழியாகச் சேர்ந்தால்தான். நிகர்நிலையிலோ மேனேஜ்மென்ட் கோட்டாவிலோ கிடையாது. சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஒரே பிராஞ்சுக்கே நுழைவுத் தேர்வு ரேங்கைப் பொறுத்து நான்கைந்து கட்டண வகை உண்டு. வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1 முதல் 5 வரை வகை பிரித்திருக்கிறார்கள். "சி.எஸ்.இ. கிடைத்துவிட்டது" என்று சொன்னால் போதாது, எந்த வகையில் கிடைத்தது என்று கேளுங்கள்.

#4 ஏடு47

மூன்றையும் ஒரே அளவுகோலில் வைக்க ஒரு காகிதம் போதும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் கொடுத்த தகவலைத் தன் தளத்தில் பி.டி.எஃப். ஆகப் போட வேண்டும். முகப்புப் பக்கத்திலேயே என்.ஐ.ஆர்.எஃப். என்று ஓர் இணைப்பு இருக்கும். தரவரிசை எண்ணை விடுங்கள், இந்த பி.டி.எஃப்.பைத் திறங்கள்.

"யு.ஜி. 4 ஆண்டு" என்று ஓர் அட்டவணை வரும். அதில் வரிசையாக: அனுமதித்த இடம், சேர்ந்தவர்கள், பக்கவழிச் சேர்க்கை (டிப்ளமோ முடித்து நேரே இரண்டாம் ஆண்டு வந்தவர்கள்), குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள்.

படிக்கும் முறைக்கு ஒரு கற்பனைக் கணக்கு. அனுமதி 600. சேர்ந்தது 540. பக்கவழி 60. ஆக வகுப்பில் 600 பேர். காலத்தில் பட்டம் பெற்றது 420. வேலை 315. கல்லூரி விளம்பரத்தில் 315-ஐ 420-ஆல் வகுத்து "75 விழுக்காடு பிளேஸ்மென்ட்" என்று வரும். நீங்கள் 600-ஆல் வகுங்கள், பாதிக்குச் சற்று மேல்தான். உங்கள் மகள் சேரும்போது அந்த 600-ல் ஒருத்தியாகத்தான் சேர்கிறாள். 420-க்குள் வருவாளா என்பதே அங்கே முதல் கேள்வி. 180 பேர் அரியரோடு (தேறாத பாடங்களோடு) நிற்கும் கல்லூரியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க வேண்டும்.

இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுக்குள் மட்டும் நடுவில் நிற்பவரின் சம்பளம். குறைவான பேருக்கு வேலை கிடைத்தாலும் அந்த எண் அழகாக இருக்கும், அதனால் தனியாக எடுக்கக் கூடாது. விளம்பரப் பலகையில் இருக்கும் "அதிகபட்சச் சம்பளம்" ஒரே ஒரு மாணவருடையது. அதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

இந்த பி.டி.எஃப்.பில் ஒரு குறை உண்டு. எல்லா பிராஞ்சும் கலந்த கணக்கு அது. பிராஞ்ச்வாரியாகப் பிளேஸ்மென்ட் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது "எத்தனை ஆஃபர்" என்று கேட்காதீர்கள், "எத்தனை மாணவர்" என்று கேளுங்கள். ஒருவரே மூன்று ஆஃபர் வைத்திருப்பார், அது மூன்றாக எண்ணப்பட்டிருக்கும்.

#5 சுருள்கம்பி

ஜி.சி.டி. ஈ.இ.இ. கிடைக்கும் என்றால் நான் அதைத்தான் மேலே வைப்பேன். 1945-ல் தொடங்கிய அரசுக் கல்லூரி, தன்னாட்சி, தடாகம் சாலையில் இருக்கிறது. தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் கையளவுதான். கணக்குப் பிடிக்கும் பிள்ளைக்கு ஈ.இ.இ. பொருந்தும். சர்க்யூட் தியரி, மின்காந்தப் புலம், கன்ட்ரோல் சிஸ்டம் எல்லாமே கணக்கு. லாப்லாஸ் உருமாற்றம், வெக்டர் கால்குலஸ், கலப்பெண் இல்லாமல் ஒரு செமஸ்டரும் நகராது.

வழிகளும் நிறைய. கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) எழுதிப் பொதுத்துறை நிறுவனங்கள், மின் வாரியம், மின் வாகனங்களுக்கான பவர் எலக்ட்ரானிக்ஸ், எம்பெடட். சாஃப்ட்வேர் பக்கம் போக வேண்டும் என்றாலும் கதவு மூடவில்லை. மொத்தமாக ஆள் எடுக்கும் ஐ.டி. நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லா பிராஞ்சையும் அழைக்கின்றன. அவர்கள் பார்ப்பது 10, +2, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, கையில் அரியர் இல்லாமை, பிறகு தேர்வு. சி.எஸ்.இ. படித்து ஈ.இ.இ. வேலைக்குப் போக முடியாது. ஈ.இ.இ. படித்து ஐ.டி.க்குப் போகலாம்.

#6 நொய்யல்

சுருள்கம்பி தம்பி, கடைசி வரியில் பாதிதான் சரி. ஐ.டி.க்குப் போகலாம் என்பது மொத்தமாக எடுக்கும் வேலைகளுக்குப் பொருந்தும். நல்ல சம்பளம் தரும் புராடக்ட் நிறுவனங்கள் (சொந்த மென்பொருள் செய்து விற்பவை) வரும்போது பல இடங்களில் சி.எஸ்.இ., ஐ.டி. அல்லது அவற்றோடு ஈ.சி.இ. (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) என்று வரையறுத்துவிடுகிறார்கள். ஈ.இ.இ. மாணவி டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் ஐந்தையும் சொந்த நேரத்தில் படிக்க வேண்டும், கூடவே மெஷின்ஸ் லேப் ரெக்கார்டும் எழுத வேண்டும். முடியாதது இல்லை, ஆனால் முதல் ஆண்டிலேயே தொடங்கினால்தான் முடியும்.

ஆகையால் அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி: "நாலு வருஷம் மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் படிக்க மனசு இருக்கா?" இருக்கு என்றால் ஜி.சி.டி. யோசிக்காமல் மேலே. "ஐ.டி. வேலைக்குத்தான், ஈ.இ.இ. சும்மா" என்றால் அந்த நாலு வருஷம் இரட்டைச் சுமை.

#7 மல்லிகைத்தோட்டம்

நன்றி ஐயா. நிகர்நிலைக்குப் பணம் கட்டவில்லை. மகளிடம் நீங்கள் சொன்னபடியே கேட்டேன். "மோட்டார் ஓகேம்மா, ஆனா ஏ.ஐ.டி.எஸ்.ஸும் சி.எஸ்.இ.யும் ஒண்ணா வேறயா, அதைக் கேளு" என்கிறாள்.

#8 கீற்று

அக்கா, அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை (பாடத்திட்ட விதிகள்) வைத்துச் சொல்கிறேன், 2025-ல் புது ரெகுலேஷன் வந்துவிட்டது. தன்னாட்சிக் கல்லூரி சொந்தப் பாடத்திட்டம் வைத்திருக்கும், அதைத் தனியே இறக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் அமைப்பு பெரிதாக மாறாது.

முதல் செமஸ்டர் இரண்டுக்கும் ஒன்றே: கால்குலஸ், இயற்பியல், வேதியியல், பைதான், ஆங்கிலம், தமிழர் மரபு. இரண்டாம் செமஸ்டரில் லேசாகப் பிரிந்து, மூன்றாம் செமஸ்டரில் நன்றாக விலகுகிறது. ஏ.ஐ.டி.எஸ்.ஸில் செயற்கை நுண்ணறிவும் தரவுக் காட்சிப்படுத்தலும் முன்னதாகவே வரும். சி.எஸ்.இ.யிலும் டேட்டா சயின்ஸ் அடிப்படையும் ஏ.ஐ.-எம்.எல். பாடமும் உண்டு, ஏ.ஐ.-எம்.எல். மட்டும் கொஞ்சம் பின்னே வரும். சி.எஸ்.இ.யில் இருந்து ஏ.ஐ.டி.எஸ்.ஸில் கட்டாயப் பாடமாக இல்லாமல் போவது தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷனும் கம்பைலர் டிசைனும். கேட் சி.எஸ். தாளில் இவை இரண்டும் கேட்கப்படும். 2024 முதல் டேட்டா சயின்ஸ்-ஏ.ஐ.க்கு என்று தனித் தாளே வந்துவிட்டது, அதனால் அந்தப் பக்கமும் வழி அடைபடவில்லை.

பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் யார் நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஏ.ஐ.டி.எஸ். பல கல்லூரிகளில் புதுத் துறை. ஒரு பேட்ச்கூட வெளியே வராத துறைக்குப் பிளேஸ்மென்ட் வரலாறே கிடையாது. கல்லூரி காட்டும் எண் சி.எஸ்.இ.யுடையதாக இருக்கும். என்.பி.ஏ. (தேசியத் தர அங்கீகார வாரியம்) தரும் அங்கீகாரமும் பிராஞ்சுக்குத்தான், கல்லூரிக்கு அல்ல. நாக் (NAAC) என்ற தர மதிப்பீடு முழுக் கல்லூரிக்கு. "நாங்க என்.பி.ஏ. அக்ரெடிட்டட்" என்றால் எந்த பிராஞ்ச், எந்த ஆண்டுவரை என்று என்.பி.ஏ. தளத்தில் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு முதல் அடுக்கு அங்கீகாரம் கிடைக்கும். 2014-ல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் நிரந்தர உறுப்பினரானபின், அந்த முதல் அடுக்குப் பட்டத்துக்குத்தான் ஒப்பந்த நாடுகளில் சமமதிப்பு. வெளிநாட்டில் பொறியாளராகப் பதிவு செய்யும் எண்ணம் இருந்தால் இதைப் பார்க்க வேண்டும்.

அரசு வேலை நோக்கம் இருந்தால் இன்னொன்று. புதுப் பெயர் கொண்ட பிராஞ்சுகளில், அறிவிக்கையில் கேட்ட பட்டத்துக்கு இது சமம் என்ற அரசாணை தேவைப்படும் நிலை வரலாம். பழைய பெயர்களான சிவில், மெக்கானிக்கல், ஈ.இ.இ., ஈ.சி.இ., சி.எஸ்.இ.க்கு அந்தக் கவலை இல்லை.

#9 ஏடு47

கீற்று சொன்ன "யார் நடத்துகிறார்கள்" என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்கிறேன். 2024-ல் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட தகவலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஒரே பேராசிரியர் பெயர் பல கல்லூரிப் பட்டியலில். ஆகவே தளத்தில் உள்ள ஆசிரியர் பட்டியலை மட்டும் நம்ப முடியாது.

வீட்டிலேயே கணக்குப் போடலாம். ஏ.ஐ.சி.டி.இ. அளவு 20 மாணவருக்கு 1 ஆசிரியர். 2024-25 முதல் பிராஞ்ச் ஒன்றுக்கான இட உச்சவரம்பு நீக்கப்பட்டதால் சில கல்லூரிகளில் சி.எஸ்.இ. வகையறா மட்டும் 300-ஐத் தாண்டுகிறது. ஆண்டுக்கு 300 என்றால் நான்கு ஆண்டுக்கு 1,200 மாணவர், 60 ஆசிரியர் வேண்டும். பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் 1:2:6 என்ற விகிதத்தில், அதாவது சுமார் 7, 13, 40. கல்லூரித் தளத்தில் "கட்டாய வெளிப்படுத்தல்" என்ற பக்கத்தில் ஆசிரியர் பெயர், சேர்ந்த தேதி இருக்கும். சேர்ந்த தேதி எல்லாமே கடந்த ஒன்றரை ஆண்டுக்குள் என்றால் ஆட்கள் தங்கவில்லை என்று பொருள்.

பிறகு நேரில் போங்கள். வேலை நாளில், காலை பத்தரை மணி வாக்கில். அட்மிஷன் அறையில் உட்காராமல் துறைக்குப் போய் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் கால அட்டவணையைப் பாருங்கள். கட்டங்களில் பாடத்தின் சுருக்கமும், கீழே பாடத்துக்கு நேரே ஆசிரியர் பெயரும் இருக்கும். மூன்றாம் ஆண்டு அ, ஆ, இ மூன்று பிரிவின் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே ஆசிரியர் பெயர் செவ்வாய் இரண்டாம் மணிக்கு இரண்டு பிரிவில் இருந்தால் ஒரு வகுப்பு நடக்கவில்லை. "புதியவர்" என்று பெயரில்லாமல் விட்டிருந்தால் அந்தப் பாடத்துக்கு ஆளே இல்லை. லேப் மணியும் எண்ணுங்கள்: வாரம் ஒருமுறை மூன்று மணி என்று எழுதியிருந்து, ஒரே லேப் அறை எண் அதே நேரத்தில் இரண்டு பிரிவுக்கு இருந்தால், 60 பேர் அமரும் அறையில் 120 பேர். அட்டவணை செமஸ்டர் தொடக்கத்தில் அவர்களுக்காகவே போட்டுக்கொண்டது, பெற்றோருக்காகப் போட்டதல்ல. அதனால்தான் அதை நம்பலாம்.

ஈ.இ.இ. என்றால் மெஷின்ஸ் லேபுக்குள் எட்டிப்பாருங்கள். மோட்டார்-ஜெனரேட்டர் ஜோடிகளின் டெர்மினல் திருகுகள் பளபளப்பாகத் தேய்ந்திருக்க வேண்டும். மாணவர்கள் தினமும் கழற்றி மாட்டும் இடத்தில் பெயின்ட் அப்படியே இருக்காது.

#10 சுருள்கம்பி

ஏடு அண்ணா, மெஷின்ஸ் லேப் குறிப்பு அருமை. கூடவே ரியோஸ்டாட்டையும் (மின்தடையைக் கூட்டிக் குறைக்கும் கருவி) பாருங்கள். நகர்த்தும் பிடி ஓடிய தடம் கம்பிச்சுற்றின் மேல் ஒரு கோடாகத் தெரியும். கோடு இல்லையென்றால் யாரும் தொடவில்லை.

தன்னாட்சி, தன்னாட்சி அல்லாதது பற்றியும் யாராவது விளக்க வேண்டும். பலர் தன்னாட்சி என்றால் தனிப் பட்டம் என்று நினைக்கிறார்கள்.

#11 கணக்குவாத்தியார்

பட்டம் இரண்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தினுடையதுதான். தன்னாட்சி இல்லாத கல்லூரியில் வினாத்தாள் பல்கலைக்கழகம் போடும், திருத்துவதும் வெளியே. 2021 ரெகுலேஷனில் தியரித் தாளுக்கு உள்மதிப்பீடு 40, பல்கலைத் தேர்வு 60. தன்னாட்சியில் கல்லூரியே பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம் எல்லாம். நல்ல கையில் இருந்தால் பாடத்திட்டம் சீக்கிரம் புதுப்பிக்கப்படும், ரிசல்ட் சீக்கிரம் வரும். சோம்பலான கையில் இருந்தால் "முக்கியக் கேள்விகள்" வகுப்பிலேயே கொடுத்து, 95 விழுக்காடு தேர்ச்சி காட்டிவிடுவார்கள்.

தேர்ச்சி விழுக்காட்டுப் பட்டியலைப் பார்க்கும்போது இதை மறக்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் செமஸ்டர்தோறும் வெளியிடும் பட்டியலில் தன்னாட்சிக் கல்லூரிகள் இருக்காது. "பட்டியலில் காணோம், மோசமான கல்லூரி" என்று முடிவு கட்ட வேண்டாம். தன்னாட்சி இல்லாத இரண்டு கல்லூரிகளை ஒப்பிட அந்தப் பட்டியல் நல்ல கருவி, ஏனென்றால் எல்லாரும் ஒரே தாளை எழுதியவர்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். சாய்ஸ் ஃபில்லிங், அதாவது கல்லூரி-பிராஞ்ச் விருப்பப் பட்டியலை நிரப்புவது.

கணினி எப்படி ஒதுக்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பயம் போய்விடும். ரேங்க் வரிசையில் ஒருவரை எடுக்கும். அவர் பட்டியலில் 1-வது சாய்ஸில் இடம் இருக்கிறதா? இருந்தால் கொடுக்கும். இல்லையென்றால் 2. அப்படியே கீழே. கிடைத்ததும் நிறுத்திவிட்டு அடுத்த ரேங்குக்குப் போகும். உங்களைவிடக் கீழ் ரேங்க் உள்ள ஒருவர் அதே கல்லூரியை 1-வதாகப் போட்டு, நீங்கள் 40-வதாகப் போட்டிருந்தாலும், முறை வரும்போது முதலில் உங்களுக்குத்தான். எந்த எண்ணில் வைத்தீர்கள் என்பதால் வாய்ப்பு கூடவோ குறையவோ செய்யாது.

ஆகவே கிடைக்காது என்று தெரிந்தாலும் ஆசைப்பட்டதை மேலே வையுங்கள், இழப்பு ஒன்றும் இல்லை. "கிடைக்கிறதை முதல்ல போடுவோம்" என்று ஒரு நிச்சயமான கல்லூரியை 1-வதாக வைத்தால், அது கிடைத்துவிடும், 2-வதாக வைத்த நல்ல இடம் காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. ஒவ்வோர் ஆண்டும் நல்ல ரேங்க் இப்படித்தான் வீணாகிறது.

எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. பத்துப் பதினைந்து போட்டு நிறுத்தாதீர்கள். மூன்று ஆண்டு மூடும் ரேங்கை வைத்து, உங்கள் ரேங்கைவிடக் கொஞ்சம் எட்டாதவை 20, சமமானவை 30, எளிதில் கிடைப்பவை 30 என்று திரட்டுங்கள். திரட்டியபின் அந்த மூன்று கூறுகளையும் மறந்து, விருப்ப வரிசையில் மட்டும் அடுக்குங்கள். சோதனை எளிது: ஒன்றை அடுத்து ஒன்றாக இரண்டிரண்டாக எடுத்து "ரெண்டும் கையில இருந்தா எதுக்குப் போவே?" என்று மகளிடம் கேளுங்கள். பதிலுக்கும் வரிசைக்கும் முரண் வந்தால் இடம் மாற்றுங்கள். எதற்கும் போக மாட்டேன் என்கிற இடம் பட்டியலில் இருக்கவே கூடாது.

#12 தும்பை

ஒரு சந்தேகம். பி.எஸ்.ஜி. டெக்கில் ஒரே பிராஞ்ச் இரண்டு முறை வருகிறது, ஒன்றில் எஸ்.எஸ். என்று போட்டிருக்கிறது. எது நல்லது?

#13 கீற்று

எஸ்.எஸ். என்றால் சுயநிதி. கோவையின் பி.எஸ்.ஜி. (எண் 2006), சி.ஐ.டி. (2007), மதுரை தியாகராசர் (5008) இவை அரசு உதவி பெறும் கல்லூரிகள். பழைய பிராஞ்சுகள் பல அரசு உதவியில், கட்டணம் குறைவு. பின்னால் சேர்த்தவை சுயநிதி. ஒரே பிராஞ்ச் இரண்டு வகையிலும் இருந்தால் உதவி பெறுவதை மேலே, எஸ்.எஸ்.ஸை உடனே அதன் கீழே வையுங்கள்.

பி.எஸ்.ஜி.யில் இன்னொரு சொல்லையும் கவனியுங்கள்: சாண்ட்விச். அது ஐந்து ஆண்டுப் படிப்பு, தொழிற்சாலைப் பயிற்சியோடு கலந்து வரும். நல்ல படிப்புதான், ஆனால் நான்கு ஆண்டு என்று நினைத்துப் போட்டு, அலாட்மென்ட் வந்தபின் விழிப்பவர்கள் உண்டு.

#14 மல்லிகைத்தோட்டம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ரேங்க் வந்து, நீங்கள் சொன்னபடி 84 சாய்ஸ் போட்டோம். 1-ல் ஜி.சி.டி. ஈ.சி.இ., 2-ல் ஜி.சி.டி. ஈ.இ.இ. இன்று தற்காலிக ஒதுக்கீடு வந்தது. கிடைத்தது 6-வது சாய்ஸ், நாங்கள் நேரில் போய்ப் பார்த்த தனியார் தன்னாட்சிக் கல்லூரி சி.எஸ்.இ. அட்டவணையில் பெயர்கள் ஒழுங்காக இருந்த கல்லூரி. இப்போது ஐந்து விருப்பம் கேட்கிறது, இரண்டு நாள்தான் நேரம். 4-வது சாய்ஸ் பார்க்காமல் போட்டது, இப்போது விசாரித்தால் மகளுக்கு அங்கே போக மனமில்லை. அதை மட்டும் நீக்க முடியுமா?

#15 கணக்குவாத்தியார்

நீக்க முடியாது அம்மா. பட்டியல் பூட்டியது பூட்டியதுதான். ஐந்து விருப்பமும் என்னவென்று பார்ப்போம்.

ஏற்றுச் சேர்தல்: 6-வது உறுதி. கொடுத்த நாட்களுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேர வேண்டும். தவறினால் இடம் ரத்து, அது வேறு ஒருவருக்குப் போகும்.

ஏற்று மேல்நோக்கி: 6-வதைக் கையில் வைத்துக்கொண்டு, மேலே உள்ள 1 முதல் 5-க்குக் காத்திருத்தல். 7-வதும் அதற்குக் கீழே உள்ளவையும் இனி இல்லை. கட்டணத்தைக் கல்லூரியில் கட்டக் கூடாது, டி.எஃப்.சி. உதவி மையத்தில் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். மேலே ஒன்று கிடைத்துவிட்டால் 6-வது தானாகப் போய்விடும், திரும்பி வர வழியே இல்லை.

மறுத்து மேல்நோக்கி, மறுத்து அடுத்த சுற்று, மறுத்து விலகல்: இந்த மூன்றிலும் கையில் இருப்பதை விடுகிறீர்கள். பார்த்துப் பிடித்த சி.எஸ்.இ. கையில் இருக்கும்போது இவற்றைத் தொட வேண்டாம். அடுத்த சுற்று என்பது இந்தச் சுற்றில் எடுத்தது போக மிஞ்சியது.

உங்கள் சிக்கல் 4-வது. மேல்நோக்கிப் போனால் 1, 2, 3, 5 கிடைத்தால் மகிழ்ச்சி, 4 கிடைத்தால் வருத்தம். முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டுப் பட்டியலில் ஐந்தின் மூடும் ரேங்கையும் உங்கள் ரேங்கோடு வையுங்கள். பெரும்பாலும் உங்கள் ரேங்குக்கு மிக நெருக்கமாக மூடியதுதான் நகரும். அது 4-ஆக இருந்தால் "ஏற்றுச் சேர்தல்" போட்டுவிடுங்கள். அது 2 அல்லது 5 என்றால், 4 தொலைவில் இருந்தால், மேல்நோக்கிப் போகலாம்.

#16 மல்லிகைத்தோட்டம்

வைத்துப் பார்த்தோம் ஐயா. மூன்று ஆண்டிலும் நெருக்கமாக நிற்பது 4-தான். ஜி.சி.டி. ஈ.இ.இ. ஒரே ஓர் ஆண்டில்தான் பக்கத்தில் வருகிறது. மகள் "ஏற்றுச் சேர்தல்" அழுத்திவிட்டாள்.

#17 ஏடு47

நல்ல முடிவு. சேரப் போகும்போது உறுதி ஒதுக்கீட்டு ஆணையை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கூட்டு உறுதிமொழிப் படிவமும் வேண்டும், மகளும் பெற்றோரும் கையெழுத்திட்டது. சான்றிதழில் உள்ள பெயரும் +2 மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் திருத்தி வாங்க நாள் பிடிக்கும். கட்டண ரசீதில் கல்விக் கட்டணம் தனி வரியாக இருக்கட்டும். சலுகை கழிப்பது அந்த வரியில்தான், பேருந்து, விடுதி, "வளர்ச்சி" வரிகளில் கழிக்க மாட்டார்கள்.